பல் அளவெடுத்த வரலாறு: கடற்பாசியிலிருந்து காமிரா வரை

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் எல்லோருக்கும் வீரபாண்டிய கட்டபொம்மன்தான் நினைவுக்கு வருவார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1801ல் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினார். கும்பினிப் படை அதையும் அதே ஆண்டு மே மாதம் பிடித்துத் தரைமட்டமாக்கியது. இன்று நாம் அங்கே போய்ப் பார்ப்பது 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

கோட்டை விழுந்த மறு ஆண்டு, அதாவது 1802ல், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். பிடித்த நாட்டை அளக்கும் வேலையின் ஒரு பகுதி அது. பின்னாளில் இமயமலை வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் படி.

"இதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். இருக்கிறது! இன்று பல் மருத்துவர் வாய்க்குள் விடும் பேனா போன்ற சின்ன ஸ்கேனர்களில் பல, லாம்டன் பயன்படுத்திய அதே முக்கோணக் கணக்கைத்தான் பயன்படுத்துகின்றன. லாம்டனை வாட்டிய அதே பிழைதான் இவற்றையும் வாட்டுகிறது. அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பல்லை ஏன் அளக்க வேண்டும்?

சொத்தைப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபின் மேலே ஒரு கேப் போடுகிறார்கள். பல் விழுந்தவர்களுக்குப் பல்செட் கட்டுகிறார்கள். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முதலில் வாய்க்குள் இருப்பதன் சரியான நகல் ஒன்று வெளியே வேண்டும். கேப் செய்பவர் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அவர் கையில் இருப்பது அந்த நகல் மட்டும்தான்.

அந்த நகல் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்? 1971ல் மெக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற இருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேப் போன்ற வேலைகளை ஆராய்ந்து, பல்லுக்கும் கேப்பின் விளிம்புக்கும் நடுவே 120 மைக்ரான் வரை இடைவெளி இருக்கலாம் என்றார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 முதல் 100 மைக்ரான் வரை வரும். ஆக, ஒரு முடி தடிமனை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் அனுமதி! அதற்கு மேல் போனால் அந்தச் சந்தில் உணவும் கிருமியும் புகுந்து, கேப்புக்குள் இருக்கும் பல் மறுபடி சொத்தையாகிவிடும். செலவு செய்த பணமும் போய், பல்லும் போய்விடும்.

மெழுகும் மாவும்

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கருவேலங்குச்சியும் வைத்துப் பல் துலக்கியது நம் ஊர். பல்லைக் காப்பது நமக்குப் பழைய பாடம். ஆனால் பல்லை அச்சு எடுப்பது பிற்பாடு வந்த கலை. பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்கின் பல் மருத்துவராக இருந்த பிலிப் பாஃப் 1756ல் எழுதிய நூலில், மெழுகால் வாயில் அச்சு எடுத்து அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி மாதிரி செய்யும் முறையை விவரித்தார். அப்போது கட்டபொம்மன் பிறக்கக்கூட இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளாஸ்டரையே வாய்க்குள் வைத்து அச்சு எடுக்க ஆரம்பித்தார்கள். அது கல்லாக இறுகிய பிறகு துண்டு துண்டாக உடைத்து எடுத்து, வெளியே ஒட்ட வேண்டும். அந்த நோயாளியின் பாட்டை நினைத்துப் பாருங்கள்! அதே காலத்தில் லண்டனைச் சேர்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற பல் மருத்துவர், சூடாக்கினால் இளகி ஆறினால் இறுகும் ஒரு கலவையை உருவாக்கினார். இன்று இதய ரத்தக்குழாயில் வைக்கும் 'ஸ்டென்ட்' என்ற சொல் அவர் பெயரிலிருந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

நம் கடலிலும் விளையும் பாசி

அடுத்த மாற்றம் கடலிலிருந்து வந்தது. 1920களில் வியன்னாவில் அகர் என்ற கடற்பாசிப் பொருளை அச்சு எடுக்கப் பயன்படுத்தினார்கள். அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றதும், பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றும் பல் மருத்துவமனையில் ரோஸ் நிறத்திலோ பச்சை நிறத்திலோ மாவு குழைத்து, ட்ரேயில் வைத்து வாயில் அழுத்துகிறார்களே, அது பெரும்பாலும் ஆல்ஜினேட்தான்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கிழக்கே போனால் சிறிது தூரத்தில் தூத்துக்குடி, மன்னார் வளைகுடா. அந்தக் கடலில் மீனவர்கள் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று அழைக்கும் பழுப்புப் பாசிகள் விளைகின்றன. ஆல்ஜினேட் எடுப்பதற்காக அவற்றைச் சேகரிக்கும் தொழில் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. மூச்சை அடக்கி முங்கிப் பாசி பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆல்ஜினேட் மலிவானது. கெட்டியாக இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் அதற்கு ஒரு பெரிய குறை உண்டு. அதில் பெரும் பகுதி தண்ணீர். காற்றுப் பட்டால் தண்ணீர் வற்றி அச்சு சுருங்கும். தண்ணீரில் போட்டால் உறிஞ்சி உப்பும். அதனால் வாயிலிருந்து எடுத்ததும் ஈரத்துணியில் சுற்றி வைத்து, சீக்கிரமே பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் கரிசல் மண்ணே வாய் பிளந்து கிடக்கும். மண்ணிலிருந்து தண்ணீர் போனால் மண் சுருங்கி வெடிப்பு விடுகிறது. அச்சுக்கும் நடப்பது அதுதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். கோவில்பட்டியில் எடுத்த அச்சை அப்படியே பார்சல் கட்டி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பஸ்சில் அனுப்பினால், போய்ச் சேரும்போது அது வேறு யாருடைய வாயோ!

1950களுக்குப் பிறகு ரப்பர் போன்ற பொருட்கள் வந்தன. 1960களில் பாலிஈதர், 1970களில் புதுவகை சிலிகான். இவை எளிதில் சுருங்குவதில்லை. துல்லியத்தில் இன்றும் சிலிகான்தான் அளவுகோல். ஆனால் விலை கூடுதல், வாயில் வைத்திருக்க வேண்டிய நேரமும் கூடுதல். ஒரு இடத்தில் குமிழி விழுந்தால் முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். குமட்டல் உள்ளவர்களுக்கு அது பெரும் சோதனை.

ஒளியால் அளக்கலாம் என்றவர்

1973ல் பிரான்சின் லியோன் நகரில் பிரான்சுவா துரே என்ற இளைஞர் ஒரு ஆய்வேட்டைக் கொடுத்தார். அதன் தலைப்பின் பொருள் 'ஒளி அச்சு'. மாவு வேண்டாம், ட்ரே வேண்டாம், ஒளியைப் பல் மீது பாய்ச்சி அதன் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகலாம் என்பது அவர் வாதம். வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற ஒன்றே இல்லாத காலம் அது! 1985ல் பாரிசில் நடந்த பல் மருத்துவர் மாநாட்டில் அவர் தம் மனைவியின் பல்லையே அளந்து, அங்கேயே கேப் செய்து பொருத்திக் காட்டினார். ஆனால் அவருடைய இயந்திரம் சிக்கலானது, விலையும் அதிகம். சந்தையில் அது நிற்கவில்லை.

அதே 1985ல், செப்டம்பர் 19 அன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற மின்பொறியாளரும் உருவாக்கிய இயந்திரத்தால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. அதுதான் 'செரெக்'. அடுத்த ஆண்டு சீமென்ஸ் நிறுவனம் அதன் உரிமத்தைப் பெற்றது.

செரெக் எப்படி அளந்தது? ஒளிக் கோடுகளை ஒரு கோணத்தில் பல் மீது விழச் செய்து, இன்னொரு கோணத்திலிருந்து காமிரா பார்த்தது. மேடு பள்ளத்துக்கு ஏற்ப கோடு வளையும். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மூன்றாவது புள்ளி எங்கே என்று சொல்லிவிடலாம். பரங்கிமலையில் லாம்டன் செய்ததும் இதுதான். அவருக்குப் பக்கம் ஏழரை மைல், இவர்களுக்குச் சில மில்லிமீட்டர்!

முதல் செரெக்கில் குறைகள் ஏராளம். மென்று அரைக்கும் மேல்பரப்பை அதனால் செய்ய முடியவில்லை, மருத்துவரே கையால் கடைந்து கொள்ள வேண்டும். பல் கண்ணாடி போல ஓரளவு ஒளியை உள்ளே விடும். அதனால் பல் மீது டைட்டானியம் டைஆக்சைடு வெள்ளைப் பவுடர் தூவித்தான் படம் எடுக்க முடியும். பவுடர் தடித்தால் அதுவே பிழை. எச்சில் பட்டால் அதுவும் கலைந்து போகும்.

வேகம் வந்த விதம்

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

2007ல் ஐடெரோ என்ற ஸ்கேனர் வந்தது. பவுடர் தேவையில்லை. எந்த ஆழத்தில் படம் தெளிவாகத் தெரிகிறதோ அந்த ஆழத்தை வைத்தே தூரத்தைக் கண்டுபிடிக்கும் முறை அதனுடையது. 2008ல் 3எம் நிறுவனத்தின் லாவா ஸ்கேனர் வந்தது. எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பிறந்த தொழில்நுட்பம் அது. படம் படமாக எடுக்காமல் வீடியோ போலத் தொடர்ந்து பதிவு செய்தது. 2009ல் செரெக் நீல ஒளிக்கு மாறியது. நீல ஒளிக்கு அலைநீளம் குறைவு, அதனால் நுணுக்கம் கூடும். 2011ல் டென்மார்க்கின் 3ஷேப் நிறுவனம் ட்ரியோஸ் ஸ்கேனரைக் கொண்டு வந்தது. 2012ல் செரெக்கும் பவுடரைக் கைவிட்டு வண்ணத்தில் படம் எடுத்தது. 2018ல் கொரியாவின் மெடிட் நிறுவனம் விலை குறைந்த ஸ்கேனரை விற்கத் தொடங்கியதும் போட்டி சூடு பிடித்தது.

இன்று நல்ல பயிற்சி உள்ளவர் ஒரு தாடையை ஓரிரு நிமிடத்தில் ஸ்கேன் செய்துவிடுவார். வேகத்தின் உண்மையான லாபம் நிமிடக் கணக்கில் மட்டும் இல்லை. ஒரு இடம் விடுபட்டால் திரையிலேயே ஓட்டையாகத் தெரியும், அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். நோயாளிக்குக் குமட்டல் வந்தால் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாவு அச்சில் இது நடக்காது. நாக்கும் கன்னமும் நடுவே வந்தால் அதை அடையாளம் கண்டு தானே நீக்கிவிடும் மென்பொருளும் இப்போது உண்டு.

துல்லியம் ஒன்றல்ல, இரண்டு

விளம்பரங்களில் 'துல்லியம்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். ஆனால் ஐ.எஸ்.ஓ. 5725 என்ற சர்வதேசத் தரநிலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, உண்மையான அளவுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது. மற்றொன்று, திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா என்பது.

மளிகைக் கடைத் தராசை வைத்துப் புரிந்து கொள்ளலாம். ஒரு தராசு ஒவ்வொரு முறையும் சரியாக 50 கிராம் குறைத்தே காட்டினால், இரண்டாவது குணம் அதற்கு உண்டு, முதல் குணம் இல்லை. ஒரு முறை கூடவும் ஒரு முறை குறையவும் காட்டி, சராசரி மட்டும் சரியாக வந்தால், முதல் குணம் உண்டு, இரண்டாவது இல்லை. நோயாளிக்கு இரண்டும் வேண்டும். அவர் போடப் போவது சராசரி கேப் அல்ல, ஒரே ஒரு கேப்!

தையலில் வரும் பிழை

ஸ்கேனரின் காமிரா ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பற்களைத்தான் பார்க்கும். ஒவ்வொரு படத்தையும் முந்தைய படத்தோடு பொருத்தி, தைத்துக்கொண்டே போகிறது மென்பொருள். இரண்டு படங்களில் உள்ள நெருக்கமான புள்ளிகளைத் திரும்பத் திரும்ப ஒப்பிட்டுப் பொருத்தும் கணக்கை 1992ல் பெஸ்ல், மெக்கே என்ற இருவர் வெளியிட்டார்கள். இத்தகைய மென்பொருளுக்கு அந்த வகைக் கணக்கே ஆதாரம்.

ஒவ்வொரு தையலிலும் துளி பிழை வரும். ஒரு பல்லுக்கு அது பெரிதில்லை. ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை போகும்போது அந்தத் துளிகள் சேர்ந்து ஒரு கரண்டி ஆகிவிடும். அதனால்தான் ஓரிரு பல் கேப்புக்கு ஸ்கேனர் சிலிகானுக்குச் சமமாக வந்த பிறகும், முழுத் தாடைக்கு நெடுங்காலம் சிலிகானே முன்னே நின்றது. புதிய ஸ்கேனர்களில் அந்த இடைவெளி குறைந்து வருகிறது. எந்தப் பக்கம் தொடங்கி எந்த வழியில் ஸ்கேனரை நகர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தும் பிழை கூடும், குறையும். வேகமாக ஆட்டினால் மட்டும் போதாது, வழி தெரிந்து ஆட்ட வேண்டும்!

லாம்டனுக்கும் இதே தலைவலிதான். முக்கோணத்தோடு முக்கோணம் சேர்த்துக்கொண்டே போனால் பிழையும் கூடவே வரும். அதற்கு அவர் கண்ட வழி, தொலைவில் போய் இன்னொரு நேர்கோட்டைத் தரையில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிடுவது. 1804ல் பெங்களூருவில் அப்படி அளந்தபோது வித்தியாசம் சில அங்குலம்தான். இன்று பல் ஸ்கேனிலும் நீளம் தெரிந்த ஒரு பொருளை வாயில் வைத்து ஒப்பிடும் முறைகளை ஆராய்கிறார்கள். இருநூறு ஆண்டு கழித்தும் அதே வைத்தியம்!

பல்லே இல்லாத வாய்

தையல் போடப் படத்தில் அடையாளம் வேண்டும். பல்லின் மேடு, பள்ளம், விளிம்பு எல்லாம் நல்ல அடையாளம். பல்லே இல்லாத ஈறு வழவழப்பாக, ஈரமாக, எங்கும் ஒரே மாதிரி இருக்கும். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் நிற்பவனை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பனைமரமோ கோயில் கோபுரமோ தெரிந்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். சமவெளியில் லாம்டனும் கோபுரங்களைத்தான் தேடினார். 1808ல் அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. பல வாரம் உட்கார்ந்து அவரே அதைச் சரி செய்தார். துல்லியத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

இங்கேதான் ஒரு வருத்தமான முரண் இருக்கிறது. பல்செட் மிகவும் தேவைப்படுபவர்கள் எல்லாப் பல்லையும் இழந்த முதியவர்கள். அவர்களுடைய வாயில்தான் ஸ்கேனர் இன்னும் தடுமாறுகிறது. ஈறு அழுத்தினால் அமுங்கும், கன்னம் அசையும். அந்த அசைவையும் சேர்த்துப் பதிவு செய்வதில் நல்ல மருத்துவரின் கையும் மாவும் ட்ரேயும் இன்றும் முன்னே நிற்கின்றன.

கரிசலுக்கு என்ன லாபம்?

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது தொடங்கினார். சென்னையில் அரசு பல் மருத்துவப் படிப்பு 1953ல் வந்தது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகின. சிறு ஊர்களிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கேப் செய்யும் பெரிய லேப்கள் எல்லா ஊரிலும் இல்லை. டிஜிட்டல் ஸ்கேனில் அச்சு வெறும் ஃபைல். வெயிலில் சுருங்காது, பஸ்சில் நசுங்காது, நொடியில் போய்ச் சேரும். தூரம் அதிகமுள்ள ஊருக்குத்தான் இதன் பலன் அதிகம்.

தடை விலைதான். ஒரு சிறு கணக்கு போடலாம். எண்கள் கணக்குக்காக மட்டும். ஸ்கேனர் 10 லட்சம் ரூபாய், ஆயுள் 5 ஆண்டு, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு ஸ்கேன் என்றால் மொத்தம் 1500 ஸ்கேன், ஒன்றுக்கு 667 ரூபாய் விழும். நாளுக்கு ஐந்து என்றால் 7500 ஸ்கேன், ஒன்றுக்கு 133 ரூபாய்தான். அதே இயந்திரம், அதே துல்லியம். கூட்டம் உள்ள நகர மருத்துவமனைக்கு மலிவு, கூட்டம் குறைந்த சிற்றூருக்கு ஐந்து மடங்கு விலை!

ஆகவே ஸ்கேனர் வேகமானால் மட்டும் கிராமத்துக்கு வந்துவிடாது. ஐந்து மருத்துவர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்து கொண்டாலோ, அரசு மருத்துவமனையில் பொதுவாக ஒன்று இருந்தாலோ அந்தக் கணக்கு மாறும். நிலையான செலவைப் பலர் தலையில் பகிர்வது வணிகவியலின் முதல் பாடம். ஸ்கேன் ஃபைலை எந்த லேபும் திறக்கும்படி பொது வடிவில் கொடுப்பதும் அவசியம். ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் மாட்டிக்கொண்டால் ஆண்டுக் கட்டணம் ஏறும்போது கேள்வி கேட்க முடியாது.

லாம்டன் அளந்தது ஆள்வதற்காக. பல்லை அளப்பது மனிதன் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் தம் ஊர் கடலைமிட்டாயைக் கடித்துத் தின்ன முடியவில்லை என்றால் அந்தப் பெருமையால் அவருக்கு என்ன பயன்? மைக்ரான் கணக்கில் வந்திருக்கும் இந்த முன்னேற்றம், அவருடைய கடைவாய் வரை வந்து சேரும் நாளில்தான் முழுமை பெறும்.